வாசியாது வைக்கும் கையொப்பம்
(பழைய மாணவரொருவர் எழுதியது)

நாற்பது ஆண்டுகள் நொத்தாரிசுத் தொழில் புரிந்தவன் யான். காணி உறுதியாயினும், நன்கொடை உறுதியாயினும், ஈட்டுப் பத்திரமாயினும், அதனைக் கட்சிக்காரர் முன்னிலையில் வாசித்து, பொருளை விளங்கப்படுத்திய பின்னரே கையொப்பம் பெறுதல் எமது தொழிலுக்குச் சட்டம் விதித்த கடமை. "வாசிக்காமல் ஒப்பமிட வேண்டாம்" என்று எத்தனையோ பேருக்குச் சொன்ன நாவு இது. அத்தகைய யானே, நாளொன்றுக்குப் பத்துத் தடவை வாசியாது ஒப்பமிட்டு வந்தேன் என்பதை எனது முதுமைப் பருவத்தில் ஒரு சிறுமி எனக்கு உணர்த்தினாள். அதுவே இக்கட்டுரை எழுதுதற்குக் காரணமாயிற்று.

பிரான்ஸ் நாட்டில் வாழும் மகளின் வீட்டிற் சில மாதங்கள் தங்கியிருந்தேன். ஒருநாட் காலை, வீட்டார் யாவரும் பயன்படுத்தும் கணினியின் முன் அமர்ந்து, நீரிழிவு நோயாளர் உண்ணத்தக்க உணவு வகைகளைப்பற்றி ஓர் இணையத்தளத்திற் படிக்க முயன்றேன். பக்கம் திறந்ததும் எழுத்துக்களை மறைத்துக்கொண்டு ஒரு பெட்டி தோன்றிற்று. "உங்கள் அந்தரங்கத்தை நாம் மதிக்கின்றோம்" என்னும் கருத்துடைய வாசகத்துடன் தொடங்கிய அது, சிறு எழுத்திற் பல வரிகள் சென்று, ஈற்றில் 'அனைத்தையும் ஏற்கிறேன்' என்ற பெரிய பச்சைப் பொத்தானில் முடிந்தது. அதனை அழுத்தினேன், பெட்டி மறைந்தது. அருகில் நின்ற பேர்த்தி, "அம்மப்பா, நீங்கள் இப்போது எதற்குச் சம்மதம் கொடுத்தீர்கள்?" என்று கேட்டாள். "தெரியாது, பிள்ளை" என்பதைத் தவிர வேறு விடை என்னிடம் இருக்கவில்லை.

அவ்விடை அத்துடன் முடிந்துவிடவில்லை. மறுநாள் முதல், அக்கணினியிற் செய்தித்தாள் படித்தாலும், காலநிலை பார்த்தாலும், குருதியிற் சீனி அளக்கும் கருவிகளின் விளம்பரங்களும், சீனி சேராத பண்டங்களின் விளம்பரங்களும் ஓரத்தில் வந்து நிற்கலாயின. மூன்றாம் நாள் மகள் என்னிடம் வந்து, "அப்பா, உங்களுக்குச் சீனி வியாதியா?" என்று கேட்டாள். உண்மைதான். ஊரிலிருந்து புறப்படுவதற்கு முதல் வாரந்தான் வைத்தியர் அதனைச் சொல்லியிருந்தார். தூர தேசத்திற் பிள்ளைகளுடன் பாடுபடுபவளுக்குக் கவலை கொடுக்கலாகாது என்று, தக்க நேரம் பார்த்துச் சொல்ல எண்ணியிருந்தேன். அந்த நேரத்தைத் தெரிவு செய்யும் உரிமை எனது கையை விட்டுப் போயிற்று. குறித்த விளம்பரம் எவ்வழியாக வந்தது என்பதை நீதிமன்றில் நிறுவுமாறு கேட்டால் என்னால் இயலாது. ஆயினும், அவ்வழியைத் திறந்துவிடுவதற்குச் சம்மதம் தந்தவன் யானே என்பதை மறுக்கவும் இயலாது.

அன்றிலிருந்து இவ்விடயத்தை ஒரு வழக்கைப் படிப்பது போற் படித்தேன். அறிந்தவற்றைப் பழைய மாணவர்க்கும், இன்று எமது கல்லூரியிற் பயிலும் மாணவர்க்கும், ஆசிரியர்க்கும் ஒழுங்குபடச் சொல்ல முயல்வேன்.

குக்கி என்பது யாது?

இணையப் பக்கங்களை எமக்குக் கொண்டுவந்து தரும் முறைக்கு இயல்பாக நினைவாற்றல் இல்லை. ஒரு பக்கத்தைக் கேட்டவர் மறுகணமே அடுத்த பக்கத்தைக் கேட்டாலும், கேட்பவர் அதே ஆள் என்பதை மறுபுறத்திலுள்ள வழங்கிக் கணினி தானாக அறியாது. ஒவ்வொரு வேண்டுகோளும் அதற்குப் புதிய வேண்டுகோளே.

எமது அரசாங்க வைத்தியசாலைக் கிளினிக்குக்குச் செல்வோர் கையிற் கொப்பி கொண்டு செல்வதைக் கண்டிருப்பீர்கள். நாள்தோறும் மிகப் பலரைப் பார்க்கும் வைத்தியர் ஒவ்வொருவர் முகத்தையும் நினைவில் வைத்திருத்தல் இயலாது. நோயாளரே கொப்பியைச் சுமந்து சென்று நீட்டுகின்றார். அதிலுள்ள இலக்கத்தையும் குறிப்பையும் கொண்டு வைத்தியர் அவரை இன்னாரென அறிகின்றார். குக்கியும் அத்தகையதொன்றே. தளம் ஒரு சிறு எழுத்துத் தொடரை எமது உலாவியிடம் கொடுத்து வைக்கும். பெரும்பாலும் அது ஓர் இலக்கமாகவே இருக்கும். உலாவி அதனைப் பேணி வைத்து, மறுமுறை அத்தளத்தை நாம் நாடும்போது, எம்மைக் கேளாமலே எடுத்து நீட்டும். குக்கி கணினியை இயக்கும் நிரலன்று. எமது கோப்புக்களைத் தானாகத் திறந்து பார்க்கவும் அதற்கு வலிமை இல்லை. அஃது ஓர் அடையாளத் துண்டு மாத்திரமே.

இதனை 1994ஆம் ஆண்டில் ஆக்கியவர் அமெரிக்காவின் நெற்ஸ்கேப் நிறுவனத்திற் பணியாற்றிய லூ மொன்ருலி என்னும் இளைஞர். இணையத்திற் கடை நடத்த விரும்பிய எம்.சி.ஐ. என்னும் நிறுவனம், வாங்குவோர் கூடையில் இட்ட பொருள்களின் விபரத்தைத் தனது வழங்கியிற் சேமித்து வைக்க விரும்பவில்லை. ஆதலால், அக்குறிப்பை வாங்குவோரின் கணினியிலேயே வைக்கும் வழி தேடப்பட்டது. நிரல் எழுதுவோர் தமக்குள் இத்தகைய துண்டை 'மஜிக் குக்கி' என்று முன்னரே வழங்கி வந்தனர். அப்பெயரே சுருங்கிக் குக்கியாயிற்று. தின்னும் பண்டத்துக்கும் இதற்கும் வேறு உறவு இல்லை.

இம்மட்டில் இது நல்ல கண்டுபிடிப்பே. குக்கி இல்லையேல் வங்கித் தளத்தில் ஒவ்வொரு பக்கத்துக்கும் கடவுச்சொல் கொடுக்க வேண்டியிருக்கும். வாங்கக் கருதிய புத்தகம் அடுத்த பக்கம் செல்லுமுன் கூடையிலிருந்து மறைந்துவிடும். ஆகவே, குக்கி யாவும் தீயன எனக் கூறுவோர் கூற்றுச் சரியன்று.

கொப்பியைப் பார்க்கும் அந்நியர்

இடர் தொடங்கும் இடம் வேறு. நாம் ஒரு பக்கம் என்று காண்பது, உண்மையிற் பல இடங்களிலிருந்து வரும் துண்டுகளின் சேர்க்கை. எழுத்து ஓரிடத்திலிருந்தும், படம் வேறோரிடத்திலிருந்தும், விளம்பரம் பிறிதோரிடத்திலிருந்தும் வரலாம். அத்துண்டுகளை அனுப்பும் ஒவ்வொரு வழங்கியும் தன்தன் குக்கியை எமது உலாவியிடம் கொடுக்க முடியும். நாம் நாடிச் சென்ற தளத்தின் குக்கி முதற்றரப்புக் குக்கி எனப்படும். நாம் நாடாத பிறரது குக்கி மூன்றாந் தரப்புக் குக்கி எனப்படும்.

ஒரே விளம்பர நிறுவனத்தின் துண்டு ஆயிரக்கணக்கான தளங்களில் இருந்தால் நிகழ்வது யாது? மருந்துக் கடையிலும், புத்தகசாலையிலும், கல்யாணத் தரகர் வீட்டிலும், கடன் கொடுப்பவர் வாசலிலும் ஒரே ஆள் அமர்ந்து, எமது கொப்பியிலுள்ள இலக்கத்தைப் பார்த்துத் தன் ஏட்டிற் பதிந்துகொள்வது போலாகும். எமது பெயர் அவனுக்குத் தெரிய வேண்டுவதில்லை. இந்த இலக்கமுடையவர் காலையில் நீரிழிவு பற்றிப் படித்தார், மாலையிற் கடன் தேடினார் என்ற தொடர்ச்சியே அவனுக்குச் செல்வம்.

இவ்வபாயத்தை வல்லார் காலத்தோடு உணர்ந்திருந்தனர். இணையத்துக்கு விதிமுறை வகுக்கும் பொறியியலாளர் குழு 1997 பெப்ரவரியில் வெளியிட்ட முதலாவது குக்கி விதிமுறை, மூன்றாந் தரப்புக் குக்கிகளை உலாவிகள் தாமாக அனுமதித்தலாகாது என்று கூறிற்று. அக்காலத்துப் பேருலாவிகளாகிய நெற்ஸ்கேப்பும், மைக்ரோசொப்றின் இன்ரநெற் எக்ஸ்புளோரரும் அவ்விதியைப் பின்பற்றவில்லை. விளம்பர வணிகம் அந்த வாயிலினூடாகவே வளர்ந்தது. அன்று கதவு சாத்தப்பட்டிருப்பின், இன்று ஒவ்வொரு பக்கத்திலும் பெட்டி முளைக்க வேண்டிய தேவை பெரும்பாலும் எழுந்திராது.

சட்டம் கேட்டதும் வணிகர் கொடுத்ததும்

ஐரோப்பிய ஒன்றியம் 2002ஆம் ஆண்டில் வகுத்த பணிப்புரை, குக்கியைப்பற்றி மக்களுக்குத் தெரிவித்து, மறுக்கும் உரிமையும் கொடுக்க வேண்டும் என்றது. 2009இல் அது திருத்தப்பட்டு, முதலிற் சம்மதம் பெற்ற பின்னரே குக்கி வைக்கலாம் என்றாயிற்று. 2018 மே 25 முதல் நடைமுறைக்கு வந்த பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதி, சம்மதம் எனப்படுவது யாது என்பதை வரையறுத்தது. அது சுயேச்சையாகத் தரப்பட்டதாகவும், குறித்த நோக்கத்துக்குரியதாகவும், விடயம் அறிந்து தரப்பட்டதாகவும், ஐயத்துக்கு இடமின்றித் தெரிவிக்கப்பட்டதாகவும் இருத்தல் வேண்டும். மேலும், சம்மதத்தை மீளப் பெறுதல் அதனைக் கொடுத்தல் போன்று எளிதாயிருத்தல் வேண்டும். நொத்தாரிசுத் தொழில் புரிந்த எனக்கு இவ்விலக்கணங்கள் புதியன அல்ல. அச்சுறுத்திப் பெற்ற ஒப்பமும், விளங்காமற் பெற்ற ஒப்பமும் ஒப்பமாகா என்பதை எந்த நாட்டு நீதியும் கூறும்.

பலர் அறியாத செய்தி ஒன்று உண்டு. நாம் கேட்ட சேவையைத் தருவதற்கு இன்றியமையாத குக்கிகளுக்குச் சம்மதம் வேண்டும் என்று அச்சட்டம் கேட்கவில்லை. கூடைக்கும், உட்புகுதலுக்கும் உரியவை இவ்வகையைச் சாரும். ஆகவே, அவற்றை மாத்திரம் வைத்திருக்கும் தளம் பெட்டி காட்ட வேண்டியதில்லை. நிரல் எழுதுவோர் கூடும் பெருந்தளமாகிய கிற்ஹப், 2020 டிசம்பரில் இன்றியமையாதன அல்லாத குக்கிகளை முற்றாக அகற்றிப் பெட்டியையும் அகற்றியது. 'சட்டம் எம்மை இத்தொல்லைக்கு உள்ளாக்கிற்று' என்று வணிகர் கூறுவது பாதி உண்மையே. பின்தொடர்தலை விட மனமில்லாமையே மற்றைப் பாதி.

சட்டத்தின் சொல்லை நீதிமன்றம் எவ்வாறு பொருள்கொண்டது என்பதற்கு ஒரு வழக்கைக் காண்போம். 2013 செப்ரெம்பரில் ஜேர்மனியில் பிளனெற்49 என்னும் நிறுவனம் இணையத்திற் பரிசுச் சீட்டு நடத்தியது. பங்குபற்றுவோர் முன் தோன்றிய படிவத்தில், குக்கிக்குச் சம்மதம் என்ற கட்டத்தில் முன்கூட்டியே சரி அடையாளம் இடப்பட்டிருந்தது. விரும்பாதவரே அதனை நீக்க வேண்டும். ஜேர்மன் நுகர்வோர் சங்கங்களின் கூட்டமைப்பு வழக்குத் தொடுத்தது. 2019 ஒக்டோபர் 1ஆம் நாள் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம், பிறர் இட்டு வைத்த அடையாளம் ஒருவரது சம்மதம் ஆகாது என்று தீர்ப்பளித்தது. அன்றியும், குக்கி எத்தனை காலம் இருக்கும், அதனை மூன்றாந் தரப்பார் பார்க்க இயலுமா என்பனவற்றையும் சொல்லியே ஆகவேண்டும் என்றது. வாய் திறவாதிருந்தவரை இசைந்தவராகக் கொள்ளும் பழக்கத்துக்கு இத்தீர்ப்பு ஒரு முற்றுப்புள்ளி.

பெட்டியின் தந்திரங்கள்

சட்டம் நேர் வழியை அடைத்ததும், பெட்டியை அமைப்போர் வளைந்த வழிகளைக் கண்டனர். அவற்றுட் சிலவற்றை அறிந்து வைத்தல் நன்று.

'ஏற்கிறேன்' என்பதைப் பெரிதாகவும் நிறமூட்டியும், 'மறுக்கிறேன்' என்பதை மங்கிய சிற்றெழுத்தாகவும் வைத்தல் ஒன்று. ஏற்பதை முதற் பக்கத்திலும், மறுப்பதை 'மேலும் அறிய' என்ற சொல்லுக்குப் பின்னால் இரண்டாம் மூன்றாம் பக்கத்திலும் ஒளித்தல் மற்றொன்று. நூற்றுக்கணக்கான நிறுவனங்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றாக நிறுத்தும்படி விட்டுக் களைப்படையச் செய்தல் வேறொன்று. 'நியாயமான நலன்' என்னும் தலைப்பின் கீழ், நாம் கேளாமலே இயங்கும் நிலையிற் பல ஆளிகளை வைத்திருத்தல் பிறிதொன்று. இவை கைத்தவறுகள் அல்ல. மனிதர் அவசரத்திற் செய்வதை நன்கறிந்து வகுக்கப்பட்டவை.

2020ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வில், பெட்டி அமைத்துக் கொடுக்கும் 5 முன்னணி நிறுவனங்களின் பெட்டிகளைக் கொண்ட 680 பிரித்தானியத் தளங்கள் ஆராயப்பட்டன. சட்டத்தின் மிகக் குறைந்த தேவைகளையேனும் நிறைவு செய்தவை 11.8 சதவீதம் மாத்திரமே. அவ்வாய்வாளர் நடத்திய சோதனையில், மறுக்கும் பொத்தானை முதற் பக்கத்திலிருந்து அகற்றியபோது சம்மதம் 22 முதல் 23 சதவீதப் புள்ளிகள் உயர்ந்தது. பொத்தானின் இடம் மாறியதால் மக்களின் விருப்பம் மாறியிருக்குமா? மாறாது. ஆகவே அப்பெட்டி அளந்தது விருப்பத்தை அன்று, களைப்பை.

இதற்காகப் பெருந் தண்டங்களும் விதிக்கப்பட்டுள்ளன. பிரான்சின் தரவுக் காவல் நிறுவனமாகிய க்னில், 2021 டிசம்பர் 31ஆம் நாளிட்ட முடிவுகளால் கூகிளுக்கு 15 கோடி யூரோவும், பேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் தண்டம் விதித்தது. ஏற்பதற்கு ஒரே அழுத்தம், மறுப்பதற்குப் பல அழுத்தங்கள் என்பதே குற்றம். மூன்று மாதத்துள் திருத்தாவிடின் நாளொன்றுக்கு ஓர் இலட்சம் யூரோ வீதம் மேலும் செலுத்த வேண்டும் என்றும் கட்டளையிட்டது. இன்று பல பெட்டிகளின் முதற் பக்கத்திலே மறுக்கும் பொத்தானைக் காண்கின்றோம் என்றால், அஃது இத்தகைய முடிவுகளின் பயனே.

நாம் செய்யத் தக்கவை

காவலர் தண்டம் விதிக்கும் வரையிற் காத்திருக்க வேண்டுவதில்லை. நாமே செய்யத்தக்கவை பல உள. அவற்றை எளியதிலிருந்து தொடங்கிச் சொல்வேன்.

முதலாவது, மறுத்துப் பழகுதல். மறுத்தால் தளம் திறவாது என்று அஞ்சுவோர் பலர். இன்றியமையாத குக்கிகள் எவ்வாறாயினும் வைக்கப்படும் ஆதலால், மறுத்த பின்னும் பெரும்பாலான தளங்கள் முன்போலவே இயங்கும். முதற் பக்கத்தில் மறுக்கும் பொத்தான் இல்லையேல், 'அமைப்புகள்' அல்லது 'தெரிவுகள்' என்ற சொல்லைத் தேடுக. அங்கே 'நியாயமான நலன்' பகுதியையும் திறந்து, ஆட்சேபித்தல் என்பதை அழுத்துக. வெளியேறும் போதும் விழிப்பு வேண்டும். அப்பக்கத்திலும் பெரிய பொத்தான் 'அனைத்தையும் ஏற்கிறேன்' என்றிருக்கக்கூடும். 'என் தெரிவைச் சேமி' என்பதே நாம் அழுத்த வேண்டியது.

இரண்டாவது, உலாவியிலேயே கதவைச் சாத்துதல். இதுவே மிகுந்த பயன் தருவது. ஒருமுறை செய்தாற் போதும். அப்பிளின் சபாரி உலாவி 2020 முதல் மூன்றாந் தரப்புக் குக்கிகளைத் தானாகவே தடுக்கின்றது. பயர்பொக்ஸ் 2022 முதல் ஒவ்வொரு தளத்தின் குக்கிகளையும் தனித்தனிப் பேழையில் இட்டு வைப்பதால், ஒரு தளத்தில் வைத்ததை மறுதளத்தில் அந்நியர் பார்க்க இயலாது. கூகிளின் குரோம் உலாவியையும் அவ்வாறாக்குவோம் என்று அந்நிறுவனம் 2020 ஜனவரியில் அறிவித்து, பலமுறை பிற்போட்டு, 2025இல் அத்திட்டத்தைக் கைவிட்டது. ஆதலின், குரோம் பாவிப்போர் அதன் அமைப்புகளில் அந்தரங்கமும் பாதுகாப்பும் என்ற பகுதிக்குச் சென்று, மூன்றாந் தரப்புக் குக்கிகளைத் தடுக்கும் தெரிவைத் தாமே இயக்குதல் வேண்டும். பெட்டியிற் பிழையாக எதை அழுத்தினாலும், இக்கதவு பெருமளவுக்குக் காக்கும்.

மூன்றாவது, முன்னர் கொடுத்த சம்மதத்தை மீளப் பெறுதல். பல தளங்களின் அடிப்பகுதியில் 'குக்கி அமைப்புகள்' என்றொரு சிறு தொடுப்பு இருக்கும். அதனை அழுத்தினால் பழைய பெட்டி மீண்டும் தோன்றும். என் பேர்த்தி எனக்கு முதலிற் காட்டித் தந்தது இதுவே.

நான்காவது, பழைய குக்கிகளை அழித்தல். இதில் இரு விளைவுகளை முன்னறிந்திருக்க வேண்டும். அழித்ததும் மின்னஞ்சல் முதலிய தளங்களிலிருந்து வெளியேற்றப்படுவீர்கள். ஆகவே கடவுச்சொற்கள் கைவசம் உள்ளனவா என்று பார்த்த பின் அழித்தல் நன்று. மற்றையது வியப்பானது. 'இவர் மறுத்தார்' என்ற குறிப்பும் பெரும்பாலும் ஒரு குக்கியிலேயே எழுதப்படுகின்றது. அதனையும் அழித்துவிட்டால், தளம் எம்மை மறந்து மறுபடியும் பெட்டியை நீட்டும். அடிக்கடி பெட்டி வருகின்றதே என்று முறையிடுவோர் சிலருக்குக் காரணம் இதுவே.

ஐந்தாவது, பொதுக் கணினிகளிற் கவனம். கல்லூரி ஆய்வுகூடத்திலும், நூலகத்திலும், உறவினர் வீட்டிலும் தனி உலாவற் சாளரத்தைத் திறந்து பயன்படுத்துக. அதனை மூடியதும் அதிற் சேர்ந்த குக்கிகள் அழிந்துவிடும். அன்று யான் இதனை அறிந்திருந்தால், மகளுக்கு என் நோயைச் சொல்லும் நேரம் என் கையிலேயே இருந்திருக்கும். ஆயின், தனிச் சாளரம் எம்மைக் காணாதவராக்கிவிடும் என்று நினைத்தல் தவறு. சென்ற தளமும், இணைய இணைப்புத் தருவோரும் எம்மைக் காண்பர்.

ஆறாவது, பெட்டிக்கு எமக்காக விடை கூறும் துணை நிரல்கள். டென்மார்க்கின் ஆகூஸ் பல்கலைக்கழக ஆய்வாளர் ஆக்கிய 'கொன்சென்ற்-ஓ-மற்றிக்' என்பது, நாம் ஒருமுறை சொல்லி வைத்த தெரிவின்படி, அது அறிந்த பெட்டிகளுக்கு விடை அளிக்கும். வேறு சில நிரல்கள் பெட்டியை மறைக்க மாத்திரம் செய்யும். தொல்லை தீர வேண்டும் என்று எமக்காக 'ஏற்கிறேன்' என்று சொல்லிவிடுவனவும் உள. எது எவ்வகையினது என்று பார்த்துச் சேர்த்துக்கொள்க. எமக்காக ஒப்பமிடும் அதிகாரத்தை அற்றோணித் தத்துவம் போல ஒருவருக்குக் கொடுக்கும்போது, அவர் எவ்வாறு ஒப்பமிடுவார் என்று அறிதல் வேண்டுமன்றோ?

இவை யாவும் செய்தாலும் முழுக் காப்பு வந்துவிடாது. ஒரு பெருந்தளத்திற் பெயர் கொடுத்து உட்புகுந்திருக்கும்போது எம்மை அறிய அதற்கு மூன்றாந் தரப்புக் குக்கி வேண்டுவதில்லை. திரையின் அளவு, எழுத்துருக்கள், நேர வலயம் முதலியவற்றைச் சேர்த்து ஒரு கணினியை அடையாளங் காணும் முறையும் உண்டு. 'சம்மதம் தருக, அல்லது பணம் தருக' என்று கேட்கும் தளங்களும் பெருகியுள்ளன. இவ்வாறு கேட்ட மெற்றா நிறுவனத்துக்கு ஐரோப்பிய ஆணைக்குழு 2025 ஏப்ரலில் 20 கோடி யூரோ தண்டம் விதித்தது. மழை முற்றாக நனைக்காது என்ற உறுதி இல்லை என்பதற்காகக் குடையை வீட்டில் விட்டுச் செல்வார் இல்லை.

ஒரே தடவை சொல்லும் விடை

ஒவ்வொரு வாசலிலும் ஒரே கேள்விக்கு விடை கூறுவதிலும், எமது விடையை உலாவியே எல்லா வாசலிலும் கூறிவிடுதல் சிறந்ததன்றோ? இவ்வெண்ணம் பழையது. 'பின்தொடராதே' என்னும் குறியை உலாவி அனுப்பும் ஏற்பாடு 2009 அளவிலே முன்வைக்கப்பட்டது. அதனை மதிக்குமாறு கட்டாயப்படுத்தும் சட்டம் இன்மையாற் பெரும்பாலான தளங்கள் அதனைப் பொருட்படுத்தவில்லை. அதற்கு விதிமுறை வகுத்த குழு 2019 ஜனவரியிற் கலைக்கப்பட்டது. 2020இல் 'உலகளாவிய அந்தரங்கக் கட்டுப்பாடு' என்னும் புதிய குறி வந்தது. இதற்குக் கலிபோர்னியாவின் சட்டம் துணை நின்றது. அக்குறியை மதியாமை முதலிய குற்றச்சாட்டுக்களின் பேரில், செபோரா என்னும் அழகுப்பொருள் நிறுவனம் 2022 ஓகஸ்டில் 12 இலட்சம் டொலர் செலுத்த உடன்பட்டது. பயர்பொக்ஸில் இக்குறியை அமைப்புகளில் இயக்கலாம். பிரேவ் உலாவி தானாகவே அனுப்பும். ஐரோப்பிய ஆணைக்குழுவும், பயனர் தம் தெரிவை உலாவியில் ஒருமுறை பதிந்து வைக்க, தளங்கள் அதனை மதிக்க வேண்டும் என்ற ஏற்பாட்டை 2025 நவம்பர் 19ஆம் நாள் முன்மொழிந்தது. இரு குறிகளின் வரலாறும் ஒரு பாடத்தைக் கூறும்: மறுப்பைச் சொல்லும் கருவி இருந்தாற் போதாது, மறுப்பை மதிக்கச் செய்யும் சட்டமும் வேண்டும்.

எமது நாட்டிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. சம்மதம் சுயேச்சையாகவும் விடயம் அறிந்தும் தரப்பட வேண்டும் என்பதையும், தந்ததை மீளப் பெறும் உரிமையையும் அதுவும் ஏற்றுள்ளது. ஆகவே, இவ்விடயம் அயல் நாட்டார் வழக்கு என்று நாம் விலகி நிற்றற்கு இல்லை.

எமது பழைய மாணவருள் வணிகரும், தளங்களை அமைத்துக் கொடுக்கும் பொறியியலாளரும் உளர். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் அமைக்கும் தளத்திற்கு அந்நியரின் பின்தொடர் குக்கி மெய்யாகவே வேண்டுமா என்று முதலிற் கேளுங்கள். வேண்டாவிடின் பெட்டியும் வேண்டாம். வருவோர்க்கும் தொல்லை இல்லை. வேண்டுமாயின், 'ஆம்' என்பதையும் 'இல்லை' என்பதையும் ஒரே அளவில், ஒரே நிறத்தில், அருகருகே வையுங்கள். எமது சங்கம் தளம் நடத்தும்போதும் இவ்வொழுங்கையே கைக்கொள்ளுதல் கல்லூரிக்கு அழகு.

மாணவர்களே, 'இல்லை' என்று சொல்ல இயலாத இடத்திற் சொல்லப்படும் 'ஆம்' என்பதற்குப் பெறுமதி இல்லை. இதனை யான் சட்டப் புத்தகத்திற் படித்து, நாற்பது ஆண்டுகள் தொழிலிற் கைக்கொண்டு, ஈற்றில் ஒரு பச்சைப் பொத்தானின் முன் மறந்தேன். இன்று ஒரு பெட்டியை வாசியாது ஒப்புக்கொள்ளும் கை, நாளை ஒரு கடன் பத்திரத்தையும், வேலை ஒப்பந்தத்தையும் அவ்வாறே ஒப்புக்கொள்ளப் பழகிவிடும். ஆதலால் இச்சிறு பெட்டியையே பயிற்சிக் களமாகக் கொள்ளுங்கள். ஒரு கணம் நின்று, என்ன கேட்கின்றார்கள் என்று பார்த்து, வேண்டியதைத் தெரிந்து அழுத்துங்கள்.

ஊர் திரும்பும் நாளில், விமானச் சீட்டு விபரம் பார்க்க மகளின் கணினியைத் திறந்தேன். பெட்டி வந்தது. பேர்த்தி ஒன்றும் சொல்லாமற் பார்த்துக்கொண்டு நின்றாள். முழுவதையும் வாசித்தேன். 'அனைத்தையும் மறுக்கிறேன்' என்பதை அழுத்தினேன். சீட்டு விபரம் குறைவின்றித் திறந்தது.